உப்பு மண்ணில் மங்களம் கட்டிய ஒட்டு

மலாக்காவின் செர்காம் கடலோரத்தில் தடுப்பு மேடு உடைந்து கடல் உள்ளே ஏறிய வருடம், மங்களத்தின் முக்கால் ஏக்கரில் ஒரு கத்தரிச் செடிகூட மிஞ்சவில்லை. தண்ணீர் இரண்டே நாளில் வடிந்துவிட்டது. உப்பு வடியவில்லை. வெயில் ஏற ஏற மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது. மறுபடி நட்டார், இலை ஓரம் கருகி, பத்து நாளில் செடி தலை சாய்ந்தது. மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

காரணம் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? கடலம்மாவுக்குக் கோபம் என்றார்கள். நிலத்தில் தோஷம் என்றார்கள். பக்கத்து நிலத்து ராஜம்மா, பூசாரியை வரவழைத்து நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் புதைக்கலாம் என்றார்.

"பழத்தப் புதைச்சா உப்பு எறங்கும்னா, நேரா கடல்லயே ரெண்டு வீசிட்டு வாங்கக்கா. எல்லாருக்கும் குடிதண்ணி கெடைக்கும்" என்றார் மங்களம்.

சிரிப்பு வாயோடு சரி. நிலம் அவருடையதல்ல. மலாக்கா டவுனில் குடியிருக்கும் அருளம்பலத்திடம் குத்தகைக்கு எடுத்தது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அந்தப் பேச்சு இன்னும் நாக்கில் இருந்தது. இறால் குளம் வெட்ட ஒரு கம்பெனி அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"மங்களம், பயிர் நிக்காத நிலத்தை நான் எத்தனை நாளைக்கு உங்களிட்ட விட்டு வைக்கிறது? தீபாவளிக்குள்ள இந்த மண்ணில ஒரு கத்தரி காய்ச்சதைக் காட்டுங்கோ. குத்தகை உங்களிட்டயே இருக்கட்டும். இல்லையெண்டா அவங்களுக்குக் குடுத்திடுவன்."

குளம் வெட்டிவிட்டால் உப்புத் தண்ணீர் அங்கேயே தேங்கும். சுற்றியுள்ள நிலங்களும் சேர்ந்து சாகும். மங்களத்துக்கு அது இன்னொரு விதத்திலும் வலித்தது. ஜாசின் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தை வீட்டு மனைகளுக்கு விற்றபோது, அங்கே இருபத்திரண்டு வருடம் உழைத்த அவரை ஒரே மாதத் தவணையில் வெளியேற்றியிருந்தார்கள். ஒரு தடவை கிளம்பியாயிற்று. இனி கிளம்புவதாக இல்லை.

உடைந்த மேட்டை ஒட்டி, உப்பு பூத்த இடத்திலேயே, ஒரு சுண்டைச் செடி பச்சைப்பசேலென்று நின்றது. எல்லோரும் தினமும் அதைக் கடந்து போனார்கள். மங்களம் ஒருநாள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, வேர்மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். சரியான கரிப்பு. அந்தக் கரிப்பில் இது எப்படி நிற்கிறது? சுண்டையும் கத்தரியும் ஒரே குடும்பம். ஒன்றின் வேரில் மற்றதன் தலையை வைத்தால்?

இந்தக் கேள்வி அவருக்கு வந்ததில் அதிசயம் இல்லை. தோட்டத்து நர்சரியில் அவர் பார்த்த வேலையே ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவது. அவர் கட்டிய நூறில் தொண்ணூறு பிடிக்கும். ஆண்டு விழாவில் அதற்கான பாராட்டுப் பத்திரத்தை வாங்கியவர் மண்டோர். கத்தியைப் பிடித்தவருக்கு நாள் சம்பளம், பத்திரம் மேற்பார்த்தவருக்கு! படித்தவர்கள் நடத்திய நியாயம் அப்படித்தான் இருந்தது.

அதன் விதையிலிருந்து சுண்டைக் கன்றுகள் வளர்த்தார். அவற்றின் தண்டை வெட்டி, நடுவில் பிளந்து, கத்தரி முனையை ஆப்புப் போலச் சீவி அதற்குள் இறக்கி, நாடாவால் கட்டினார். பிடித்த கன்றுகளில் நாற்பது, சும்மா கத்தரிக் கன்று நாற்பது, பாலிபேக்கில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் பிடித்து வைக்க இரண்டு பிளாஸ்டிக் தோம்புகள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் கடல்நீர் ஒரு பங்குக்கு நல்ல நீர் நான்கு பங்கு. குழம்பாமலிருக்கச் சிவப்புச் சாயத்தில் எழுத்தும் போட்டார்: நல்ல தண்ணீருக்கு 'ந', உப்புத் தண்ணீருக்கு 'உ'. செடி வேர் பிடித்த பிறகு, ஓரத்தில் உள்ள இரண்டொன்றுக்கு மட்டும் கொஞ்சமாக உப்பு காட்டுவது அவர் திட்டம்.

அதற்குள் டுரியான் துங்காலில் தங்கை மகள் கல்யாணம் வந்தது. ராஜம்மாவிடம் நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனவர் நான்காம் நாள் திரும்பினார். 'ந' தோம்பு வழிய வழிய நிறைந்திருந்தது. 'உ' தோம்பு காலி.

"அக்கா! எதுலேருந்து எடுத்து ஊத்துனீங்க?"

"நல்லதுலேருந்துதான். நீயே பிள்ளையார் சுழி போட்டு வச்சிருக்கியே! அதுலதான் மொதல்ல ஆரம்பிக்கணும்னு ஆரம்பிச்சேன்."

"அது சுழியா? உப்புக்கு 'உ' போட்டேங்க்கா!"

"எந்தத் தமிழச்சிடி 'உ'னா போட்டுட்டு உப்புன்னு சொல்லுவா?" என்று ராஜம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

மங்களம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எண்பது செடியும் மூன்று நாள் உப்புக் குடித்திருக்கிறது. புதிதாகக் கட்ட இனி நாளில்லை. நிலம் போனது என்றே நினைத்தார்.

வாரம் முடிவதற்குள் சும்மா கன்றுகள் ஓரம் கருகிச் சுருண்டன. நாற்பதில் முப்பத்தேழு செத்தன. ஒட்டுக் கன்றுகளில் அடியிலைகள் சில மஞ்சளாகின. முப்பத்தொன்று நிமிர்ந்து நின்று, புதுத் துளிரும் விட்டன.

"பார்த்தியா, பிள்ளையார் காப்பாத்திட்டாரு" என்றார் ராஜம்மா.

"இந்த வரிசையக் காப்பாத்தினவரு அந்த வரிசைய ஏன்க்கா விட்டாரு? ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே கை. வேருதான் வேற."

அருளம்பலம் உப்பு அளக்கும் மீட்டரோடு வந்தார். செத்ததையும் நின்றதையும் எண்ணினார். ஆனாலும் தலையாட்டவில்லை.

"இது தற்செயல். பையில நிண்டது நிலத்தில நிக்குமோ? தெரியாது."

"சரி சார். நிலத்துலயே நட்டுக் காட்டறேன். நீங்களே மீட்டர் வச்சுப் பாருங்க. ரெண்டு வரிசை ஒட்டு, ரெண்டு வரிசை சும்மா. எந்த வரிசை எங்க வரணும்னும் நீங்களே சொல்லுங்க. அப்புறம் எடம் நல்ல எடம்னு சொல்லக்கூடாதுலா."

அவர் முதல்முறையாக மங்களத்தை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். "ஓம். அதுதான் முறை" என்றார். சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்தார்கள்.

பாத்தியை உயர்த்தி, மழை உப்பைக் கீழே இறக்க வழி விட்டு, மேலே வைக்கோல் பரப்பி, மிஞ்சிய ஒட்டுக் கன்றுகளையும், சும்மா வரிசைகளுக்கு அதே வயதில் வாங்கிய கத்தரிக் கன்றுகளையும் மங்களம் நட்டார். வாராவாரம் அருளம்பலம் வந்து, அளந்து, எழுதிக்கொண்டு போனார். சும்மா கத்தரி வரிசைகள் முட்டளவுகூட எட்டவில்லை. ஒட்டு வரிசைகள் இடுப்பளவு வந்தன. தீபாவளிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, இரண்டு கூடை நிறையக் கருநீலக் காய்கள் அருளம்பலத்தின் கார் பின்சீட்டில் ஏறின. இறால் கம்பெனிக்கு அவர் அங்கேயே நின்றபடி போன் போட்டு, நிலம் இல்லை என்றார்.

ஐந்து வருடக் குத்தகை ஒப்பந்தத்தை மலாயில் தட்டச்சு செய்து அடுத்த வாரம் கொண்டுவந்தார். மங்களம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். தொழில் என்ற இடத்தில் விரல் நின்றது.

"சூரி ரூமாவா? வீட்டுல சும்மா இருக்கறவளுக்கா சார் இந்த நிலத்தக் குடுக்கறீங்க?"

அருளம்பலத்தின் முகம் சிறுத்தது. "பிழைதான். என்ன எழுத?"

"துக்காங் சந்தும்னு எழுதுங்க. ஒட்டுக் கட்டறவ."

அவர் அடித்துவிட்டுப் பேனாவால் அப்படியே எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் வைத்தார். அதை இருமுறை வாசித்துப் பார்த்த பிறகுதான் மங்களம் பேனாவைக் கேட்டு வாங்கினார்.