ரசீது இல்லாத பதின்மூன்று மாதங்கள்

1993ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை என் வேலை போனது. ஒஷாவா நகருக்குப் போகும் வழியில் இருந்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை அது. ஏஜென்சி மூலம் அங்கே வேலை செய்த எங்கள் பன்னிரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி அழுதிருப்பார்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் அறையில் தனியாக இருந்தேன்.

சகோதரங்களே, ஏன் தனியாக இருந்தேன் என்பதை மறைத்தால் இந்தச் செபக்கூட்டத்தில் நான் சொல்வது சாட்சி ஆகாது. குடி. ஒருநாள் குடித்துவிட்டு என் மனைவி ஜெசிந்தாவை அடித்தேன். அவள் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டோர்செட் பார்க் பகுதியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் செய்தது சரி. பிள்ளைகளின் செலவுக்கு நான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அதை அரசாங்க அலுவலகம் ஒன்றின் ஊடாகவே கட்ட வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு போட்டார்கள்.

அங்கேதான் எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் வேலை செய்தது. ஜெசிந்தாவின் அண்ணன் அல்பிரட் மச்சான் என்னைக் கூப்பிட்டு, "அரசாங்கம் பிடிச்சுக் குடுக்கிற காசிலயோ எங்கட பிள்ளையள் சாப்பிடுறது? சனம் சிரிக்கும். நீர் என்ர கையில தாரும்" என்றார். எனக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும், கோவில் வாசலில் ஒரு என்வலப்பை அவர் கையில் கொடுப்பேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் ஓடிவந்து பத்து நிமிடம் என்னோடு நிற்பார்கள். பதின்மூன்று மாதம் ஒரு மாதமும் தவறவில்லை. ரசீது வாங்கவில்லை. மச்சானிடம் ரசீது கேட்பவன் சொந்தமே வேண்டாம் என்கிறவன் அல்லவா? அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களை, நாங்கள்தான் பேசி முடித்துவிட்டோமே என்று, உடைக்காமலே மேசை லாச்சிக்குள் போட்டேன்.

வேலை போன பிறகு கொடுக்கக் காசு இல்லை. வெறுங்கையோடு எப்படிக் கோவிலுக்குப் போவது? மார்கழி முதல் ஞாயிறு போகவில்லை. பிறகு எந்த ஞாயிறும் போகவில்லை. பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்கும் போகவில்லை. யாரிடமும் வேலை போனதைச் சொல்லவில்லை. சம்பளம் நின்றால் உத்தரவும் தானாக நின்றுவிடும் என்று வேறு நினைத்திருந்தேன். அவ்வளவு மடையன்.

1994 மாசியில் கோர்ட்டுக்கு வரச்சொல்லும் கடிதத்தை ஒருவர் கையிலேயே கொண்டுவந்து தந்தார். மேல்வீட்டுப் பெடியன் அதை வாசித்துச் சொன்னான். என் பேரில் ஒரு சதமும் கட்டப்படவில்லையாம். ஆரம்பத்திலிருந்து முழுவதும் பாக்கியாம். கட்டாவிட்டால் பிடித்து மறியலில் அடைக்கவும் கூடுமாம். இலவச சட்ட உதவி லோயரிடம் ஓடினேன். வேலை போனாலும் உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கும், நீ வந்து மாற்றக் கேட்டிருக்க வேண்டும் என்றார். கையில் கொடுத்த காசுக்கு என்ன அத்தாட்சி என்றும் கேட்டார்.

அன்றே அல்பிரட் மச்சானிடம் போனேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றபடி அவர் சொன்னார்:

"நாலு மாசம் பிள்ளையளை எட்டிப் பாக்காதவனுக்கு நான் சாட்சி சொல்லோணுமோ? நாங்கள் ஒண்டும் வாங்கேல்லை. போம்."

மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். ஆனால் மாட்டில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. லோரன்ஸ் வீதியில் பஸ் தரிப்பில் நின்றேன். பனி கொட்டியது. மூன்று பஸ் போனது. மூன்றிலும் ஏறவில்லை. நான் செத்தால் பாக்கியும் சாகுமா என்று யோசித்தேன். ஆம், அதையும் யோசித்தேன்.

நாலாவது பஸ்ஸில் ஏறிக் கோவிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். உள்ளே யாரும் இல்லை. கடைசி வரிசை வாங்கில் முழங்காலில் இருந்தேன். செபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, வேலை தாரும்" என்றுதான் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அதைக் கேட்கவில்லை. "நான் அவளை அடித்தேன். பிள்ளைகளைப் பார்க்காமல் ஒளித்தேன். ஆனால் அந்தக் காசைக் கொடுத்தேன். அது உமக்குத் தெரியும். இந்த உலகத்தில் ஒரு ஆளாவது அதைச் சொல்லட்டும்." அவ்வளவுதான் என் மன்றாட்டு. எழும்பியபோது மனச்சமாதானம் வந்தது என்று சொன்னால் பொய். ஒன்றும் வரவில்லை. பயம் அப்படியே இருந்தது.

பங்குனியில் வழக்கு. ஜெசிந்தா வந்திருந்தாள். பக்கத்தில் அல்பிரட் மச்சான். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இல்லை" என்று அவள் ஒரு சொல் சொன்னால் அந்தப் பதின்மூன்று மாதமும் திரும்ப அவளுக்குக் கிடைக்கும். ஃபக்டரியில் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளை வளர்க்கிறவளுக்கு அது சின்னக் காசா? அடித்தவனுக்காக அவள் ஏன் உண்மை சொல்ல வேண்டும்?

நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அவள் தமையனை ஒருதரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"ஓம், தந்தவர். கார்த்திகை வரைக்கும் ஒரு மாசமும் விடேல்லை. அண்ணை கொண்டுவந்து என்ர கையில தந்தவர்."

அந்தப் பதின்மூன்று மாதத்தையும் பாக்கியில் இருந்து எடுத்தார்கள். வேலை கிடைக்கும்வரை மாதத் தொகையையும் குறைத்தார்கள். நாலு மாதப் பாக்கி என் தலையில்தான் இருந்தது. அது நியாயம்.

வெளியே வந்து, "பெரிய உபகாரம்" என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்காகச் சொல்லேல்லை. சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லேலாது. ஆனா ஒண்டு. ஞாயிறு பூசைக்கு வாங்கோ. காசு இல்லாட்டிலும் வாங்கோ. பூசை முடிஞ்சா பிள்ளையள் ரெண்டும் வாசலை விட்டு அசையுதுகள் இல்லை."

போனேன். சின்னவள் மெலனிக்கு அப்போது ஆறு வயது. ஏன் வரவில்லை என்று கேட்டாள். வேலை போய்விட்டது என்றேன். கோர்ட் அலுவலுக்கு வெளியே, நாலு மாதத்தில் முதன்முதலாக அதை ஒரு மனிசரிடம் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவள் யோசித்துவிட்டு, "அப்ப எவ்ரிடே வரலாம்தானே அப்பா?" என்று கேட்டாள். அந்த வாசலிலேயே நின்று அழுதேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று விட்டேன்.

எனக்கு நல்ல வேலை வந்தது என்று முடிக்க ஆசைதான். வரவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். பணம் இப்போது அலுவலகம் ஊடாகவே போகிறது. குடியை விட்டு ஒன்றரை வருடம். ஜெசிந்தா திரும்பி வரவில்லை, வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஆண்டவர் நான் கேட்டதைத் தந்தார். ஒரு ஆள் கேட்டேன், நான் அடித்த ஆளையே அனுப்பினார். அவருக்கு நன்றி சொல்லி முடியாது.

இதைக் கேட்கும் உங்களில் வேலை போன தகப்பன் யாராவது இருந்தால், அண்ணை, தம்பி, கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த நாளே சொல்லுங்கள். கோர்ட்டுக்கும் சொல்லுங்கள், ஆண்டவருக்கும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நான் மூன்று பேருக்கும் ஒளித்தேன். அந்த மூன்று பேருமே என்னைத் தேடிக்கொண்டுதான் நின்றார்கள்.