குப்பை காணாமல் போன நாள்

வெளிநாட்டு நகராட்சிக்காரர்கள் எங்கள் ஊராட்சிக்கு வருகிறார்கள் என்றதும் நான் முதலில் வாங்கியது நான்கு மூட்டை பிளீச்சிங் பவுடர். பெரிய மனிதர் யார் வந்தாலும் சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு போடுவதுதான் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்து வரவேற்பு. ஊராட்சிச் செயலராக இருந்து இருந்து எனக்குக் கை தானாகவே அதற்குப் போய்விடுகிறது.

வருபவர்கள் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க்காரர்கள். குப்பையைப் பிரித்து உரமாக்கும் வேலையில் எங்களோடு கைகோப்பதாகப் பேச்சு. அதற்கு நான் எட்டுப் பக்கத்தில் திட்டம் எழுதியிருந்தேன். அரைக்கும் இயந்திரம், பேட்டரி வண்டி, பெரிய பலகை, அதில் இரண்டு நாட்டுக் கொடி. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதியிருந்தேன்.

வீடு வீடாகக் குப்பை வாங்கிப் பிரிப்பவர் எங்கள் தூய்மைக் காவலர் அக்கா. என்னைவிட மூத்தவர். ஊரில் ஒரு காகிதம்கூடக் கிடக்கக்கூடாது என்று முதல் நாளே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்த ஊர் மேயரம்மா வந்தார். மாலை, இளநீர் எல்லாம் முடிந்து குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு அழைத்துப்போனோம். தொட்டிகள் கழுவிக் காலியாக இருந்தன. தரையில் கோலம் வேறு. மேயரம்மா சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"குப்பை எங்கேன்னு கேக்கறாங்க."

குப்பையைப் பார்க்க வந்தவர்களிடமிருந்து குப்பையை ஒளித்துவைத்த மேதை நான்தான். எங்கள் ஊராட்சித் தலைவரம்மா என்னை முறைத்தார்.

"சார்தான் எல்லாத்தையும் வாரிக்கினு போய் ஏரிக்கரைக்குப் பின்னால போடச் சொன்னாரு. மூட்ட கட்டிதான் கீது. வாங்கம்மா, காட்டறேன்," என்றார் அக்கா.

எல்லோரும் ஊர்வலமாகப் போனோம். அக்கா ஒரு மூட்டையை அவிழ்த்து மளமளவென்று பிரித்தார். மேயரம்மா பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இங்கே முதலில் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் எட்டுப் பக்கத்தையும் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் அக்காவையே பார்த்தார்.

"கொட்டாயாண்ட ஒரு தண்ணிக் கொயா போதும்மா. கை கழுவாம எப்டி சோறு துன்றது? தெனம் வூட்டுக்கு நடந்து போய்தான் துன்றேன்."

எட்டுப் பக்கத்தில் குழாய் இல்லை. கொட்டகையிலிருந்து பத்தடியில்தான் ஊராட்சியின் தண்ணீர் லைன் போகிறது. பலகையில் கொடி வரைக்கும் எழுதத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒப்பந்தம், வண்டி எல்லாம் சாவகாசமாக வந்தன. குழாய்க்காகத் தலைவரம்மா மறுநாள் காலையிலேயே பிளம்பரை அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் தண்ணீர் வந்தது. அக்கா சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"மூணு வருசமா உன் மேசையாண்ட வந்துதான சார் கையெழுத்து போட்டுக்கினு கீறேன்? நீ ஒரு நாளு கேட்டியா?"