குப்பை என்று சொல்லும் உரிமை

இன்று காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். பேச்செல்லாம் புதிதாக வந்த ஒரு சூப்பர் ஹீரோ படம்தான்.

"குப்பை மச்சான். ரெண்டாவது பாதில தூங்கிட்டேன்" என்றான் சிவப்புச் சட்டை.

"பறந்து வர்ற சீனு ஒண்ணு போதும்டா. உனுக்கு இன்னா தெரியும்?" என்றான் நண்பன்.

திருப்புலிவனம் வரை இதே சண்டை.

அப்போது நண்பனின் போனில் அதே படத்தைப் பற்றி ஒரு பெண்ணின் விமர்சன வீடியோ வந்தது. இரண்டாவது பாதி இழுவை, இரண்டு ஸ்டார்தான் என்றாள் அவள்.

சிவப்புச் சட்டைக்கு முகம் மாறிவிட்டது. "இவ யார்ரா சொல்றதுக்கு?"

"நீயும் அதத்தானடா சொன்ன?"

"நான் சொல்லலாம். இவ சோறாக்கிக்கினு கெடக்க வேண்டியதுதான?"

அத்தோடு சண்டை தீர்ந்தது. ஒருவன் சொல்லச் சொல்ல, மற்றவன் அந்த வீடியோவுக்குக் கீழே டைப் செய்தான். அவள் அம்மாவைக்கூட விடவில்லை. பக்கத்து சீட்டில் சிரித்தார்கள்.

இறங்கும்போது சிவப்புச் சட்டை ஒதுங்கி வழிவிட்டான். "அக்கா, படி ஈரமா கீது. பாத்து எறங்குங்க."

எனக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை. அதை அங்கேயே சொல்லியிருந்தால் அவனுக்கு நான் அக்காவாகவே இருந்திருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.