போர்வைக்குள் லிஃப்ட்காரர்

அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடியது அவர் கையால்தான். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும், வாடகையும் கிடையாது" என்று வெளியிலிருந்தே கிண்டலடித்தபடி கதவைத் திறப்பார்.

நாற்பத்தைந்து வயதில் அந்தக் கைக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கியது. ஸ்பேனர் பிடிக்கும் பிடி திரும்பவில்லை. கம்பெனியில் நல்ல மனதோடு, புகார் வாங்கும் போன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். ஒரு வாரம் போனார். பிறகு லீவு போட்டார். லீவு நீண்டுகொண்டே போனது.

சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவாள். அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போகப்போகச் சட்டை மாற்றுவதே நின்றது. குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்பார். சாப்பாடு மண்ணாக இருந்தது. தன்னைவிட மோசமானவர்கள் ஆஸ்பத்திரியில் சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு இல்லாத கேடு எனக்கென்ன என்று தன்னையே திட்டிக்கொள்வார். திட்டத் திட்ட எழுந்திருப்பது இன்னும் பாரமானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்த இருவர் பழப்பையோடு வந்தார்கள். வாசலில் குரல் கேட்டதுமே போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.

"அண்ணன் தூங்குறாரா அண்ணி? எழுப்பாதீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்."

"ராத்திரியெல்லாம் வலி. இப்பதான் கண்ணசந்தார்" என்றாள் மனைவி.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் அவரைப் பற்றியே பேசினார்கள். எல்லாம் நல்லதாகவே பேசினார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. மூக்கு அரித்தது, சொறியவும் வழியில்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"போயிட்டாங்க, எழுந்திருங்க" என்றாள் மனைவி.

அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் மூட்டு டாக்டர் விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தூக்கம், சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு டாக்டர்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடி, "ஆமா, நல்லாத்தான் இருக்கார்" என்றாள். தனக்காக இவள் இன்னும் எத்தனை பொய் சொல்வாள் என்று அவர் குன்றிப்போனார்.

"இல்ல டாக்டர். காலைல கண்ணு முழிக்கவே பிடிக்கல."

மனைவி முன்னால், டாக்டர் முன்னால், தேம்பித் தேம்பி அழுதார்.

"நாள்பட்ட வலியோட இருக்கறவங்க நிறைய பேருக்கு இந்த மனச்சோர்வு வருது. சோம்பேறித்தனம் இல்ல, இதுவும் நோய்தான். வைத்தியம் இருக்கு" என்று சொல்லி டாக்டர் அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே பெஞ்சில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே ஒருவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். பேப்பர் இறங்கியதும் பார்த்தால், தெரிந்த ஆள். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன். இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"லிஃப்ட் ஓடுதா?" என்று லிஃப்ட்காரர் கேட்டுவைத்தார்.

"ஓடுது சார். நான்தான் ஓடல."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் கூச்சமாக இருந்தது.

அங்கே கொடுத்த மாத்திரையும் மனநல டாக்டரோடு பேசியதும் மெதுவாகத்தான் வேலை செய்தன. முதலில் குளியல் திரும்பியது, பிறகு பசி. இப்போது போன் நாற்காலிக்குப் போகிறார். விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. கையைக் காட்டத்தான் ஆஸ்பத்திரி போவதாக அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறார். உண்மையைச் சொல்ல இன்னும் நாக்கு கூசுகிறது. மனைவியிடம் மட்டும், எழ முடியாத காலைகளில், "இன்னைக்கு முடியல" என்று சொல்லிவிடுகிறார்.