குலுக்காமல் அடுக்கிய பெட்டி

ஜூன் 9: குப்பிகள் 4, குழந்தைகள் 38.
ஜூலை 11: இதுவரை மறுபடி ஊசி போட்டுக்கொண்டவர்கள் 11.
ஜூலை 20: 29.
ஆகஸ்ட் 6: 37.

இருபத்தாறு வருடங்களாகக் காலையும் மாலையும் தடுப்பூசி அறையின் குளிர்ப்பெட்டியைப் பார்த்து வெப்பநிலையை எழுதிவந்ததால், சுகாதார நிலையத்தில் அவருக்கு 'டிகிரி அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அவர் உடனே ஊசி முகாமுக்குப் போகும் மருந்துப் பெட்டியில் அடுக்கமாட்டார். மேசையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்குவார். உள்ளே 'களக்' என்று தண்ணீர் அசைந்தால்தான் அடுக்குவார். எடுத்தவுடன் ஐஸ் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இருக்கும்; பக்கத்திலுள்ள மருந்தையும் உறைய வைத்துவிடும். உருகத் தொடங்கிவிட்டால் பயமில்லை. வருகிற சூட்டையெல்லாம் உருகுவதற்கே வாங்கிக்கொண்டு, கடைசித் துணுக்கு கரையும்வரை பூஜ்யத்திலேயே நிற்கும்.

"ஐஸுக்குத் தாலாட்டு பாடி முடிச்சாச்சா அக்கா? இல்ல, நான் ஒரு தூக்கம் போடவா?" என்பார் வண்டி ஓட்டுநர்.

"போடுப்பா. குறட்டை மட்டும் விடாதே, ஐஸ் முழிச்சுக்கும்."

ஜூன் 9 காலை மருமகன் போனில் கத்தினார்: "அத்தை, வலி வந்துருச்சு! உங்களைக் கேட்டுத்தான் அழறா, உடனே வாங்க!" அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியை அடுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினார். மதியம் பேத்தி பிறந்தாள்.

மறுநாள் பதிவேட்டைத் திறந்தபோதுதான் 'குலுக்கியது' என்ற கட்டம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. முகாமிலிருந்து ஒரு முத்தடுப்பூசிக் குப்பி திறக்கப்படாமல் திரும்பியிருந்தது. அதே தொகுதியில் இன்னொன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி வைத்தார். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கலாகவே இருக்கும். இவை இரண்டிலும் அரை மணிக்குள் துகள் அடியில் படிந்து, மேலே தெளிந்துவிட்டது.

"உருகினா பழையபடி தண்ணிதானேம்மா?" என்றார் மருத்துவர். "ரிட்டையராக நாலு மாசம்தான் இருக்கு. பேசாம இருங்க."

"தண்ணி பழையபடி ஆயிடும் சார். மருந்து கட்டிதட்டிப் போச்சு, இனி திரும்பாது. முப்பத்தெட்டு தாய்மார் ஊசி போட்டாச்சுன்னு நம்பிட்டிருக்காங்க."

காலிக் கட்டத்தில் 'குலுக்கவில்லை' என்று எழுதி, தலைமை அலுவலகத்துக்கும் தானே தெரிவித்தார். எல்லோருக்கும் மறுபடி ஊசி போடச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அவரைப் பணியிடைநீக்கம் செய்து இன்னொன்று வந்தது. இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பட்டியலோடு வீடு வீடாகப் போனார். திட்டு வாங்கினார். அடுத்த கதவைத் தட்டினார்.

பேத்திக்கு முதல் முத்தடுப்பூசி போட்ட அன்று, ஓட்டுநர் ஐஸ் பேக்கை அவர் காதருகே கொண்டுவந்து குலுக்கினார். "கேளுங்கக்கா, களக்குங்குதா?" அவர் தலையசைத்தார்.

மிஞ்சியது கொத்தனார் மகன் ஒருவன். வீடு பூட்டிக் கிடந்தது. "ஏதோ பாலம் கட்டுற வேலைன்னு போனாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எங்கெங்கே பாலம் கட்டுகிறார்கள் என்று விசாரித்து, ஐந்து ஊர்ச் சுகாதார நிலையங்களுக்கு எழுதினார். நான்கிலிருந்து 'இங்கே இல்லை' என்று பதில் வந்தது. ஐந்தாவது கடிதம் ஒரு செவிலியர் எழுதியது: "கொத்தனார் மகனுக்கு ஊசி போட்டுவிட்டோம். நன்றாக அழுதான்."

பட்டியலில் 38 என்று எழுதி, பக்கத்தில் கடிதம் வந்த நாளைக் குறித்தார்: அக்டோபர் 3.