ஓர் ஆளுக்கு ஓர் இடம்

நான் கணினி நிரல் எழுதுபவன். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் அம்புலன்ஸ் சேவைக்காகக் குடாநாடு முழுவதையும் நிரலுக்குள் அடுக்கிக் கொடுத்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர், எல்லை, அது சேரும் பிரதேசம். அழைப்பவரின் இடத்தைத் தட்டினால் வண்டிக்கு வழி போய்விடும். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் காலை, அழைப்பு எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் யாரோ ஒருத்தி அழுதாள்.

"அவருக்கு நெஞ்சு நோகுது. கெதியா வாங்கோ!"

"எவ்விடம் அக்கா?"

"மயிலிட்டி."

வண்டி மயிலிட்டிக்குப் பறந்தது. அந்தக் குடும்பமோ உடுவில் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தது. மயிலிட்டி அவர்களின் சொந்த ஊர்; போரில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, காணி இன்னும் திரும்பக் கிடைக்காதவர்கள். வண்டி திரும்பி முகாமுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் இறந்துவிட்டார்.

"பிழையான இடம் சொன்னது அந்த ஆக்கள்," என்றார் முதலாளி. "எங்கடை சிஸ்டம் சரியாத்தானே வேலை செய்தது."

"மண்ணாங்கட்டி அண்ணை! இப்ப எங்கை இருக்கிறியள் எண்டு கேக்க உந்தச் சிஸ்டத்திலை ஒரு கட்டமும் இல்லை," என்றேன்.

அந்தக் கட்டத்தை அன்றே சேர்த்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

முதலாளியைத் திட்டி என்ன பயன்? நான் பிறந்ததே அப்படியொரு முகாமில்தான். எவ்விடம் என்று யார் கேட்டாலும் நானும் மயிலிட்டி என்றுதான் சொல்வேன்.