பதினாலு முடிந்து மூன்று மாதம்

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முதல் வெற்றுத்தாளில் அண்ணன் பிறந்த தேதி, அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி, நான் பிறந்த தேதி, எனக்கு அம்மை குத்திய தேதி எல்லாம் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. பத்து வயதுக்குள் அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். காலையில் அடுப்பு மூட்டும்போதே அம்மா கேட்பாள்: "இன்னிக்கி இன்னா தேதி, பாப்பா?" நான் தேதி, கிழமை, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்பது வரை சொல்வேன். அண்ணன் எனக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்திருந்தான். உபதேசியார் வீட்டில் அப்படிக் கூப்பிடலாமா என்று நைனா கடிந்துகொள்வார், கடிந்துகொண்டே சிரிப்பார்.

சித்தூர் சபை நைனாவைத் திருப்பதிக்கு ஊழியத்துக்கு அனுப்பி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிறுவர் குற்றங்களைத் தனியாக விசாரிக்கச் சொல்லும் குழந்தைகள் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1920இல் வந்தது. நான் சொல்லும் ஆனி மாதம் அதற்குச் சில வருடங்கள் பிந்தியது. ஒரு செவ்வாய்க்கிழமை, ரயிலடி வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு காண்டிராக்டரின் சைக்கிளை அண்ணன் எடுத்துக்கொண்டு சந்திரகிரி வரை போனான். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சுவர்ணமுகி ஆற்று மணலில் விழுந்து முன்சக்கரம் வளைந்துபோயிற்று. அதைத் தூக்கிச் சுமந்துவந்து அதே மரத்தில் சாய்க்கும்போது பிடித்துவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்த பொருள் எப்படித் திருட்டாகும் என்பது எனக்கு இன்றும் விளங்காத சங்கதி. ஆனால் காண்டிராக்டருக்கு விளங்கியது, போலீசுக்கும் விளங்கியது.

பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரைப் பார்த்து அவன் வயதைப் பதினாறு என்று எழுதினார்கள். அது தப்பு. ஐந்து வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள் என்பதற்காக நைனா அந்த நாளில் இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருந்தார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று அம்மா சொல்வாள்.

தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் நைனாவைக் கோர்ட்டு மரத்தடியில் நிறுத்தி மெதுவாகப் பேசினார். அன்று என் காதில் விழாத அந்தப் பேச்சை வெகுகாலம் கழித்து நைனாவே சொன்னார்.

"உபதேசியாரே, பதினாறுன்னே இருக்கட்டும். இங்க சப் மாஜிஸ்திரேட்டு அபராதம் போடுவார், மீறிப்போனா பத்து நாளு. வயசு கம்மின்னு தெரிஞ்சா அவரு கையில இல்ல. சித்தூரு பெரிய மாஜிஸ்திரேட்டுக்குக் கேஸு கட்டு போவும். அவரு செங்கல்பட்டு சீர்திருத்த ஸ்கூலுக்கு அனுப்பிட்டார்னா பதினெட்டு வயசு வரைக்கும் புள்ளைய நீங்க கண்ணால பாக்கறது கஷ்டம்."

நைனா பேசாமலிருக்க ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. அண்ணன் கையில் கயிறு கட்டி ஒரு சேவகர் பிடித்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் தெலுங்கில் "வயசு எந்த?" என்று கேட்டார். கோர்ட்டு எழுத்தர் காகிதத்தைப் பார்த்து, "பதஹாரு" என்றார். பதினாறு. அம்மா பக்கத்தில் நின்ற எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"பதினாறு இல்லீங்க. பதினாலு முடிஞ்சி மூணு மாசம் ஆவுது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட் கோபப்படவில்லை. "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று தமிழிலேயே கேட்டார். அண்ணன் பிறந்த தேதி, கிழமை, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் யார் என்பது வரை ஒப்பித்தேன். அவர் நைனாவைப் பார்த்தார்.

"பொண்ணு சொல்றது நிஜமா?"

நைனா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை அன்று நான் அளக்கவில்லை. அதற்குப் பிறகு பலமுறை அளந்திருக்கிறேன்.

"நிஜங்க" என்றார்.

அதன்பின் நடந்தது எனக்குத் திருவிழா போல இருந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். சிறுவர் வழக்கை ஊர் கூடி வேடிக்கை பார்க்கக்கூடாது என்று கூட்டத்தை வெளியே அனுப்பினார். எங்களை மட்டும் பின்னறைக்குக் கூப்பிட்டு மீதியை விசாரித்தார். இவ்வளவு மரியாதையும் என்னால் வந்தது என்று நினைத்தேன். வாசலில் டவாலி போட்ட சேவகர் என்னைப் பார்த்து, "இதை வக்கீலுக்குப் படிக்க வைங்க, அய்யா" என்றார். நைனா சிரிக்கவில்லை.

கட்டு சித்தூருக்குப் போனது. நாங்களும் பாகாலா வழியாக ரயிலில் போனோம். அங்கே முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் இரண்டு முறை வாய்தா போட்டு, மூன்றாம் முறை செங்கல்பட்டு என்று எழுதினார். அப்பீலுக்குச் செஷன்ஸ் கோர்ட்டு அதே ஊரில் இருந்தது. அதற்கும் மேலே மதராஸில் ஹைகோர்ட்டு. நைனா எந்தப் படியும் ஏறவில்லை. "சொன்னது நிஜந்தானே. எதை எதிர்த்து அப்பீல் பண்றது?" என்றார்.

சித்தூர் ஸ்டேஷனில் அண்ணனை வழியனுப்பினோம். செங்கல்பட்டில் தச்சுவேலை சொல்லித்தருவார்கள், பாண்டு வாத்தியம் உண்டு என்று கேள்விப்பட்டு எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்தான்.

"இன்னா பஞ்சாங்கம், எனக்கு எப்போ பதினெட்டு?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "நடுவுல லீப் வருஷம் வருதுண்ணா. ஒரு நாளு ஜாஸ்தி."

"அதையும் சேத்துக்கோ" என்றான். வண்டி நகர்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. வேதப்புத்தகத்தின் வெற்றுத்தாளில் அன்று முதல்முறையாக என் கையால் ஒரு தேதி எழுதினேன்: அவன் வரவேண்டிய தேதி.

அந்தத் தேதிக்குச் சரியாக ஒருவர் வந்தார். மீசை இருந்தது. அழகாக மரம் இழைப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பஞ்சாங்கம் என்று கூப்பிட்டவனுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

அண்ணனை வழியனுப்பிவிட்டுச் சித்தூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை அம்மா அடுப்பு மூட்டினாள், தேதி கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. அடுப்புப் புகையில் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதன்பின் ஒவ்வொரு நாளும் தேதியை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிவந்தேன்.